மார்பகப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வரும் எண் எதைச் சொல்கிறது?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஜுமுஆ தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்து செல்போனை நீட்டினார். "ஹஜ்ரத், நீங்க காலேஜும் படிச்சவங்க. இந்த இங்கிலீஷைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். அது அவருடைய மனைவியின் மேமோகிராம் ரிப்போர்ட். கடைசி வரியில் 'பைராட்ஸ் 4ஏ' என்று இருந்தது. "நாலாவது ஸ்டேஜ்னு போட்டிருக்கு ஹஜ்ரத். அவகிட்ட சொல்லலை. எல்லாம் நார்மல்னு சொல்லி வெச்சிருக்கேன். மூணு பிள்ளைங்க..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. ரிப்போர்ட்டின் தேதியைப் பார்த்தோம். ஏழு வாரங்கள் ஆகியிருந்தன.

அந்த 4 என்பது நோயின் நான்காம் நிலை அல்ல. அப்படிப்பட்ட ரிப்போர்ட் வந்த 100 பெண்களில் 90 பேருக்காவது புற்றுநோய் இருக்காது. ஆனால் இருக்கிறதா இல்லையா என்பதை ஊசி மூலம் சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். அவர் ஏழு வாரங்கள் தனியாக அழுதிருக்கிறார். செய்ய வேண்டிய அந்த ஒரு காரியம் மட்டும் நடக்கவில்லை.

நாம் மருத்துவர் அல்ல. ரேடியாலஜி மருத்துவராகப் பணியாற்றும் சகோதரி ஒருவரிடம் விளக்கம் கேட்டும், இதற்கான மருத்துவ வழிகாட்டிகளைப் படித்தும் தெரிந்துகொண்டதை நம் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறோம். உங்கள் மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று ஆகாது. அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், அவரிடம் சரியான கேள்வியைக் கேட்கவும் உதவினால் போதும்.

மூன்று வகைப் படங்கள்

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கான எக்ஸ்ரே. 1913-இல் பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், அகற்றப்பட்ட 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்ததில் இதன் வரலாறு தொடங்குகிறது. இன்று ஒவ்வொரு மார்பகத்தையும் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் சாய்வாக ஒன்று என இரண்டு படங்கள் எடுக்கிறார்கள். படம் எடுக்கும்போது மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு இடையே வைத்து அழுத்துவார்கள். சில நொடிகள் வலிக்கும். திசுக்கள் ஒன்றன் மேல் ஒன்று படியாமல் விரிந்தால்தான் படம் தெளிவாக வரும். கதிர்வீச்சும் குறைவாகப் போதும். அழுத்தினால் கட்டி உடைந்து பரவிவிடும் என்று பெண்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. கதிர்வீச்சைப் பற்றியும் பயப்படுகிறார்கள். இரண்டு மார்பகங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் சுமார் ஏழு வாரங்களில் நம் எல்லோர் உடலிலும் இயற்கையாகப் படும் அளவுதான் அது.

கையால் தடவினால் தெரியாத, மணல் பொடி போன்ற சுண்ணாம்புப் புள்ளிகளைக்கூட மேமோகிராம் காட்டிவிடும். அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. எக்ஸ்ரேயில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும்; பால் சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும்; கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். சுரப்பித் திசு அதிகமுள்ள மார்பகத்தில் கட்டியைத் தேடுவது உப்புக்குள் சர்க்கரையைத் தேடுவது போல. இதைத்தான் ரிப்போர்ட்டில் 'டென்ஸ்' என்று எழுதுகிறார்கள். ஏ, பி, சி, டி என்று அதற்கு நான்கு தரங்கள் உண்டு; சி, டி இரண்டும் அடர்த்தியானவை. 40 வயதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். இது நோய் அல்ல. 'மேமோகிராமோடு அல்ட்ராசவுண்டும் தேவைப்படுமா?' என்று மருத்துவரிடம் கேட்பதற்கு இது ஒரு காரணம், அவ்வளவுதான்.

அல்ட்ராசவுண்ட் என்பது கர்ப்ப காலத்தில் எடுக்கும் அதே ஸ்கேன். ஒலி அலைகளைக் கொண்டு பார்ப்பதால் கதிர்வீச்சே கிடையாது. கட்டிக்குள் இருப்பது நீரா, சதையா என்று பிரித்துக் காட்டுவதில் இதுதான் கெட்டி. 30 வயதுக்கு உட்பட்ட பெண்ணின் மார்பகத்தில் கட்டி தட்டுப்பட்டால் பெரும்பாலும் இதைத்தான் முதலில் எடுப்பார்கள். 40-ஐக் கடந்தவருக்கு மேமோகிராமை முதலில் எடுத்து, தேவைப்பட்டால் இதையும் சேர்ப்பார்கள். இடைப்பட்ட வயதில் எது முதலில் என்பது மருத்துவரின் முடிவு. சிலர் "ஸ்கேன் போதும், அந்த எக்ஸ்ரே வேண்டாம்" என்று பேரம் பேசுகிறார்கள். மேமோகிராம் காட்டும் நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள் பல நேரங்களில் ஸ்கேனில் தெரியாது. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று சொல்ல முடியாது.

எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் உரியது அல்ல. குடும்பத்தில் பலருக்கு இந்த நோய் வந்திருப்பவர்கள், பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவர்கள், இளம் வயதில் மார்புப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்கு இதைப் பரிந்துரைப்பார்கள். குப்புறப் படுக்க வைத்து, நரம்பில் மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள். சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், உடலில் பேஸ்மேக்கர் போன்ற கருவி ஏதேனும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இது மிகக் கூர்மையான பரிசோதனை. அந்தக் கூர்மையாலேயே, ஒன்றுமில்லாததையும் சந்தேகமாகக் காட்டி அலைக்கழிப்பதும் உண்டு.

எண்கள்

பைராட்ஸ் என்பது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி என்ற மருத்துவர் அமைப்பு 1993-இல் கொண்டுவந்த முறை. அதற்கு முன் ஒவ்வொரு மருத்துவரும் தமக்குத் தோன்றிய சொற்களில் ரிப்போர்ட் எழுதினார்கள். படித்த மற்றொரு மருத்துவருக்கே அடுத்து என்ன செய்வது என்று புரியாத நிலை இருந்தது. எனவே கடைசி வரியில் ஓர் எண்ணைப் போட்டு, அந்த எண்ணுக்கு உரிய அடுத்த நடவடிக்கையையும் வகுத்தார்கள். இன்று நம் ஊர் ஸ்கேன் சென்டர்களிலும் இதே எண்கள்தாம்.

புற்றுநோயின் 'ஸ்டேஜ்' என்பது வேறு கணக்கு. நோய் இருப்பது உறுதியான பிறகு, கட்டியின் அளவு, அக்குள் நெறிகட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா, வேறு உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அது. மார்பகத்தின் படத்தை மட்டும் பார்த்து ஸ்டேஜைச் சொல்ல முடியாது. இரண்டிலும் 4 என்ற எண் இருப்பதுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம்.

பைராட்ஸ் 0 என்றால் 'பரிசோதனை முழுமையாகவில்லை' என்று பொருள். 'சைபர், அதனால் ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு, அது தவறு. வேறு கோணத்தில் இன்னொரு படமோ, அல்ட்ராசவுண்டோ, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படமோ தேவை என்கிறார்கள். இப்படித் திரும்ப அழைக்கப்படும் பெண்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே கடைசியில் புற்றுநோய் இருக்கிறது. எனவே போன் வந்தவுடன் இடிந்து போகவும் வேண்டாம். போகாமல் இருந்துவிடவும் வேண்டாம்.

1 என்றால் எதுவும் தென்படவில்லை. 2 என்றால் ஏதோ தென்படுகிறது, ஆனால் அது தீங்கற்றதுதான் என்பதில் சந்தேகமில்லை. சாதாரண நீர்க்கட்டி, பழைய ஃபைப்ரோ அடினோமா போன்றவை இதில் வரும்.

3 என்பது 'பெரும்பாலும் தீங்கற்றது'. புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்தைத் தாண்டாது. அதற்காக உடனே ஊசி போட்டுச் சதை எடுப்பதைவிட, ஆறு மாதம் கழித்து மீண்டும் படம் எடுத்து, மாறியிருக்கிறதா என்று பார்ப்பதே நல்லது. மாறாமல் இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை இப்படிக் கவனிப்பார்கள். நம் குடும்பங்களில் அதிகம் கைவிடப்படும் எண் இதுதான் என்று அந்த மருத்துவச் சகோதரி சொன்னார். ஆறு மாதத்துக்குள் ஒரு கல்யாணம், ஒரு உம்ரா பயணம், பிள்ளையின் பரீட்சை என்று ஏதாவது வந்துவிடுகிறது. கட்டி வலிக்கவும் இல்லை, அதனால் நினைவுக்கும் வருவதில்லை.

4 என்றால் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது, பயாப்ஸி தேவை. இந்த ஓர் எண்ணுக்குள் 2 முதல் 95 சதவீதம் வரை எல்லாம் அடக்கம் என்பதால் இதை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 4ஏ என்றால் வாய்ப்பு 10 சதவீதம் வரை. 4பி என்றால் 10-க்கு மேல் 50 வரை. 4சி என்றால் 50-க்கு மேல். சில ரிப்போர்ட்களில் வெறும் 4 என்று மட்டும் இருக்கும். அப்போது எந்தப் பிரிவு என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

5 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 95 சதவீதம் அல்லது அதற்கு மேல். இதிலும் பயாப்ஸி செய்து உறுதி செய்த பிறகே சிகிச்சை. 6 என்பது ஏற்கெனவே பயாப்ஸியில் உறுதியானவர்களுக்கு, சிகிச்சைக்கு இடையில் எடுக்கும் படங்களில் வரும் எண்.

ரிப்போர்ட்டில் பயமுறுத்தும் வேறு சில சொற்களும் உண்டு. 'கால்சிஃபிகேஷன்' என்பதைப் பார்த்ததும் பாலையும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்திவிடும் பெண்கள் இருக்கிறார்கள். மார்பகத்தில் படியும் சுண்ணாம்புக்கும் நாம் சாப்பிடும் கால்சியத்துக்கும் தொடர்பில்லை. பெரிய, உருண்டையான புள்ளிகள் பெரும்பாலும் தீங்கற்றவை. பொடிப்பொடியாக, ஒழுங்கற்று, ஓரிடத்தில் குவிந்திருப்பவற்றைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள். கட்டியின் ஓரம் வழுவழுப்பாக இருப்பது பொதுவாக நல்ல அறிகுறி. முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால், அதாவது 'ஸ்பிகுலேட்டட்' என்று எழுதியிருந்தால், தாமதிக்கக் கூடாது.

திருமணமாகாத மகளுக்குக் கட்டி தட்டுப்பட்டால் பல வீடுகளில் வாய்மூடிக் கொள்கிறார்கள். சம்பந்தம் பேசும் நேரத்தில் வெளியே தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். அந்த வயதில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை ஃபைப்ரோ அடினோமா எனும் தீங்கற்ற கட்டிகளே. ஒரே ஒரு அல்ட்ராசவுண்டில் பல நேரங்களில் விஷயம் முடிந்துவிடும். அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் இரவு தூங்காமல் கிடப்பதற்கு எந்த அவசியமும் இல்லை.

'நார்மல்' என்று வந்த பிறகும்

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. நம் உறவு வட்டத்தில் ஒரு சகோதரிக்குக் கையில் தட்டுப்படும் கட்டி இருந்தது. மேமோகிராமில் 2 என்று வந்தது. குடும்பமே ஷுக்ர் செய்து, ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துப் பூட்டியது. கட்டி அங்கேயே இருந்தது. எட்டு மாதம் கழித்து அது வளர்ந்த பிறகே மீண்டும் மருத்துவரிடம் போனார்கள். பயாப்ஸியில் புற்றுநோய் என்று தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், சிகிச்சை முடிந்து இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் எட்டு மாதத்துக்கு முன்பே ஆரம்பித்திருந்தால் சிகிச்சை இவ்வளவு கடினமாக இருந்திருக்காது என்பதை அவரே சொல்கிறார்.

மேமோகிராம் ஏறத்தாழ எட்டில் ஒரு மார்பகப் புற்றுநோயைத் தவறவிடுகிறது. எனவே படம் நன்றாக இருக்கிறது என்பதால் மட்டும், கையில் தட்டுப்படும் கட்டியை மறந்துவிடக் கூடாது. மருத்துவர் கையால் பார்த்தது, படம் காட்டியது, பயாப்ஸி சொன்னது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பயாப்ஸியைக்கூட மறுபடி செய்வார்கள். தோல் குழிவிழுவது, ஆரஞ்சுத் தோல் போலத் தடித்துப் போவது, காம்பு புதிதாக உள்ளிழுப்பது, காம்பில் ஆறாத புண் அல்லது இரத்தக் கசிவு, அக்குளில் கட்டி ஆகியவை வலியே இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. ஆண்களுக்கும் இந்த நோய் வருகிறது. மொத்த நோயாளிகளில் அவர்கள் ஒரு சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதாலேயே கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பயாப்ஸி என்றதும் "ஊசி பட்டால் பரவிடும், கத்தி வைக்காதீங்க" என்று சொல்லப் பெரியவர்கள் சிலர் வந்துவிடுவார்கள். இந்தப் பேச்சால் எத்தனை பெண்கள் பாதியில் திரும்பியிருப்பார்களோ, அல்லாஹ்வே அறிவான். அந்த இடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்து, ஊசியால் அரிசி அளவிலான சதைத் துண்டுகளை எடுக்கிறார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். நோய் இருந்தால் அது எந்த வகை, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதைச் சொல்வதும் அந்தச் சதைத் துண்டுதான். அதைப் பார்க்காமல் சரியான சிகிச்சையைத் தொடங்கவே முடியாது.

வெட்கமும் மார்க்கமும்

தாமதத்துக்கு நம் வீடுகளில் சொல்லப்படும் இன்னொரு காரணம் அவ்ரத். மேமோகிராம் எடுப்பவர் பல இடங்களில் பெண்தான். பிரிட்டனின் அரசு பரிசோதனைத் திட்டத்தில் படம் எடுப்பவர்கள் எல்லோரும் பெண்களே. அல்ட்ராசவுண்டை மருத்துவரே நேரில் செய்வதால், முன்பதிவு செய்யும்போதே "லேடி டாக்டர் எந்த நாளில் இருப்பாங்க?" என்று கேட்டுவிட வேண்டும். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; தினமும் பலர் கேட்கிறார்கள். பெண் மருத்துவர் கிடைக்காவிட்டால் அல்லது அவருக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தால், கணவரோ வேறொரு பெண்ணோ உடனிருக்க, தேவையான அளவுக்கு மட்டும் ஆண் மருத்துவர் பார்ப்பதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். நிர்ப்பந்தம் தடையைத் தளர்த்தும், தளர்வு தேவையின் அளவோடு நிற்கும் என்பது ஃபிக்ஹில் எல்லோரும் ஏற்ற விதி. நபி (ஸல்) அவர்களுடன் போருக்குச் சென்று காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த ருபைய்யிஉ (ரலி) அவர்களின் செய்தி புகாரியில் இருப்பதை ஆலிம்கள் இதற்கு எடுத்துக்காட்டுவது வழக்கம்.

ரமழானைக் காரணம் காட்டியும் தள்ளிப் போடுகிறார்கள். மேமோகிராமிலும் அல்ட்ராசவுண்டிலும் உடலுக்குள் எதுவும் செல்வதில்லை. நோன்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பயாப்ஸிக்காகச் சதை எடுப்பதும், சத்தாகச் செலுத்தப்படாத ஊசியும் நோன்பை முறிக்காது என்று 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்திருக்கிறது.

போகும் அன்று முழு நீள மேக்ஸி, நைட்டி அணியாமல், புர்காவுக்குள் மேல், கீழ் என இரண்டாகப் பிரிந்த உடை அணிந்தால் மேலாடையை மட்டும் கழற்றினால் போதும். அக்குளிலும் மார்பிலும் பவுடர், கிரீம், டியோடரண்ட், அத்தர் எதையும் பூச வேண்டாம். பவுடரும் டியோடரண்டும் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போலத் தெரிந்து வீண் கலக்கத்தை உண்டாக்கும். மாதவிடாய் முடிந்த அடுத்த வாரம் போனால் வலி குறையும். ஆனால் கட்டி இருப்பவர் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். பாலூட்டும் தாய், போவதற்குச் சற்று முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போகலாம். எக்ஸ்ரே எடுத்ததற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

எந்தக் குறையும் இல்லாதவர் எந்த வயதில் தொடங்குவது? அமெரிக்காவில் 2024 முதல், 40 வயதிலிருந்து 74 வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். பிரிட்டனில் 50 முதல் 71-ஆவது பிறந்தநாள் வரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை. இந்திய அரசின் திட்டம் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சுகாதாரப் பணியாளர் கையால் தடவிப் பார்க்கும் பரிசோதனை. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. கையால் பார்ப்பதில் என்ன தெரியப்போகிறது என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை 1998-இல் தொடங்கி 1,51,538 பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் பரிசோதித்ததன் மூலமே 50 வயதைக் கடந்தவர்களிடையே இந்த நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. உம்மாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் எப்போது தொடங்குவது என்பதைத் தனியாக மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

எடுத்த படங்களையும் சி.டி.யையும் ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை வேறு ஊரில், வேறு சென்டரில் எடுத்தாலும் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான், இருப்பது புதிதா, பத்து ஆண்டுகளாக மாறாமல் இருப்பதா என்று சொல்ல முடியும். பல பேருக்கு 0 என்று வருவது பழைய படம் கையில் இல்லாததால்தான்.

அந்தச் சகோதரர் அன்று மாலையே வீட்டில் விஷயத்தைச் சொன்னார். "ஏழு வாரமா நீங்க சரியா சாப்பிடாதது இதுக்குத்தானா?" என்று மனைவி கேட்டாராம். மறுவாரம் பயாப்ஸி நடந்தது. ஃபைப்ரோ அடினோமா என்று முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தேதியை இந்த முறை மனைவியே சமையலறைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.